சம்பந்தி பிடிக்க வேண்டிய மீன்

யாரையாவது கூப்பிட வேண்டும் என்றால் எனக்கு முதலில் இருமல் வரும். நோய் ஒன்றும் இல்லை. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். கூச்சம்தான். எதிரில் இருப்பவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் தொண்டை தானாக ஒரு முடிவு எடுத்துவிடும். கல்யாணமாகி இருபத்தாறு வருடம் ஆகிறது. என் மனைவியை இன்றுவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இருமினால் வருவாள். (தெருவில் வேறு யாராவது இருமினாலும் எட்டிப் பார்ப்பாள். மழைக்காலத்தில் அவளுக்குப் பெரிய தொந்தரவு.)

இந்த இருமலால் என் மகளின் கல்யாணமே நின்றுபோக இருந்தது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் எங்கள் வீட்டுக்கு வருகிற யாரும் அதைக் கேட்காமல் காபி குடித்துவிட்டுப் போக முடியாது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சூளகிரியில் வீடு. ஓசூரில் ஒரு கம்பெனியில், பேக்கிங் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை. கன்வேயரில் அட்டைப் பெட்டிகள் வரும். அவற்றுக்கு பிளாஸ்டிக் பட்டை கட்டி அனுப்ப வேண்டும். எங்கள் பிரிவுக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஓடுகிற லைனில் எது மாட்டினாலும் முதலில் நிறுத்து, அடுத்து வெட்டு, அதற்கு அப்புறம் ஆளைக் கூப்பிடு. இந்த வரிசை மாறவே கூடாது. பட்டை உருளையில் சிக்கினால் ‘கிர்’ என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டதும் என் இடது கை நிறுத்துகிற பொத்தானுக்குப் போகும், வலது கை இடுப்பில் இருக்கும் கட்டருக்குப் போகும். மூளைக்குத் தகவல் அப்புறம்தான் போய்ச் சேரும்.

ஒரு வருடம் பாதுகாப்பு வார விழாவில் இதற்காக என்னை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு ஹாட் பாக்ஸ் பரிசு கொடுத்தார்கள். என் வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே பரிசு அது. இதுவரை அதில் ஒரு இட்லிகூட வைக்க நான் விட்டதில்லை. பீரோவுக்கு மேல் இருக்கிறது. அந்த கட்டரும் ஞாயிற்றுக்கிழமையானாலும், கோயிலுக்குப் போனாலும் என் இடுப்பு உறையில்தான் இருக்கும். அது இல்லாவிட்டால் வேட்டி அவிழ்ந்த மாதிரி இருக்கும் எனக்கு.

என் மகள் பவித்ரா செல்போன் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். அங்கேயே மெயின்டனன்ஸில் இருந்த கார்த்திக் என்கிற பையனை அவளுக்குப் பிடித்துப்போனது. அவனுக்கும் இவளைப் பிடித்திருந்தது. இரண்டு பேரும் ஒளிவுமறைவு இல்லாமல் வீட்டில் சொல்லிவிட்டார்கள். என் மனைவி விசாரித்தாள், அவளுக்குத் திருப்தி. பையனின் அம்மாவுக்கும் திருப்தி. பாக்கி இருந்தது பையனின் அப்பா வாயிலிருந்து வர வேண்டிய ஒரு வார்த்தை. “அவர் சரின்னா நடக்கும்ப்பா. வேண்டாம்னு சொல்லிட்டா கார்த்திக் அவரை மீற மாட்டாரு. நானும் மீறச் சொல்ல மாட்டேன்” என்றாள் பவித்ரா. சொல்லிவிட்டு, துவைத்த துணியைத் திரும்பவும் பக்கெட்டில் போட்டுத் துவைக்க ஆரம்பித்தாள். அன்றைக்குத்தான் அவள் மனசு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

பையனின் அப்பா பெயர் சங்கரலிங்கம். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். முப்பது வருடத்துக்கு முன்பு ஓசூருக்கு வந்து, ஃபைபர் பாகங்கள் செய்கிற ஒரு பட்டறையில் சேர்ந்து, ஃபோர்மன் ஆனவர். தொழில் படித்தவர். அளந்து பேசுவார். ஒரு ஸ்க்ரூவைக் கையில் எடுத்தாலும் அதன் உடல்நலம் விசாரிப்பது மாதிரி பார்ப்பார். இடது கையில் மோதிர விரல் பாதிதான் இருக்கும். அந்த மூன்றரை விரலும் கட்டைவிரலும் சேர்ந்து செய்கிற வேலையை என் பத்து விரலும் செய்யாது.

முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது பஜ்ஜி சாப்பிட்டார், காபி குடித்தார், பவித்ராவிடம் அவள் வேலையைப் பற்றி நான்கு கேள்வி கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் இருமினேன். அவர் காத்திருந்தார். நான் மறுபடியும் இருமினேன். கால் மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் அவர் எழுந்து என் மனைவியிடம் சொன்னார்.

“பொண்ணு தங்கமான பொண்ணு. அவங்க அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசலாம்னு பாத்தா பேச மாட்டேங்காரு. ஒரு நாள் எங்கூடப் படகுல வரச் சொல்லுங்க. படகுல அரை நாள் உக்காந்தா ஆள் எப்படின்னு தெரிஞ்சிரும். அப்புறம் நான் என் பதிலைச் சொல்லுதேன்.”

ஒகேனக்கல்லில் பரிசல் போகிற மாதிரி ஏதோ ஒன்று என்று நாங்கள் நினைத்தோம். அது இல்லை. அவர் தன் கையாலேயே கயாக் என்கிற ஒடுக்கமான துடுப்புப் படகு ஒன்றைச் செய்து வைத்திருந்தார். பட்டறையில் மீந்த ஃபைபரை வைத்து, இரண்டு வருடம் விடுமுறை நாட்களில் மட்டும் உட்கார்ந்து செய்தது. மாம்பழ மஞ்சள் நிறம். இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காரலாம். அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தேன். எங்கேயும் ஒரு பிசிறு இல்லை, ஒரு குமிழ் இல்லை. எங்கள் கம்பெனியில் வெளிநாட்டுக்குப் போகிற சரக்கில்கூட நான் அப்படி ஒரு வழவழப்பைப் பார்த்ததில்லை. பாராட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சுக்கு மிட்டாயை எடுத்துக் கொடுத்தார்.

நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர்த் தொட்டிகள் செய்து கொடுத்ததில் அந்த முதலாளிக்கு இவர்மேல் மரியாதை. தோட்டத்துக்குள் ஒரு ஏரி இருக்கிறது. அதில் ரெயின்போ ட்ரவுட் என்கிற மீனை விட்டு வளர்க்கிறார்கள். குளிர்ந்த தண்ணீரில் மட்டும் வாழ்கிற மீன். வருடத்தில் ஒரு நாள் அதில் தூண்டில் போட்டுக்கொள்ள இவருக்கு அனுமதி. ஆறு வருடமாகப் போகிறார், ஒரு மீனும் மாட்டவில்லை. நின்ற இடத்திலேயே கிடக்கிற இரையை அந்த மீன் தொடவே இல்லையாம். தூண்டிலைப் படகுக்குப் பின்னால் கட்டி மெதுவாக இழுத்துக்கொண்டே போனால், ஓடுகிற இரை என்று நினைத்துத் துரத்தி வந்து கவ்வும். ஆனால் தனி ஆளாகத் துடுப்பும் போட்டு, தூண்டிலையும் பார்க்க முடியாது. வேகம் குறைந்தால் இரை மூழ்கும். கூடினால் மேலே துள்ளும். கூட ஒரு ஆள் வேண்டும். பையனுக்கோ தண்ணீரைப் பார்த்தால் தலை சுற்றும்.

ஆக, ஏழாவது வருடத்துக்குத் துடுப்புப் போடும் ஆள் நான்.

நானும் என் மனைவியும் இதைப் பற்றிப் பேசியதில் பாதி நேரம் மீனைப் பற்றியே இல்லை. அவரை எப்படிக் கூப்பிடுவது என்பதைப் பற்றித்தான்.

“சார்னு கூப்பிட்டுறாதீங்க. பொண்ணு குடுக்கற எடத்துல சார் போட்டா காலத்துக்கும் சார்தான்” என்றாள்.

“அண்ணான்னு சொல்லட்டுமா?”

“நல்லா சொன்னீங்க. அவரு உங்களுக்கு அண்ணன்னா புள்ளைங்க ரெண்டும் என்னா முறை ஆவும்? அண்ணன் தங்கச்சி ஆயிடும்.”

மச்சான் என்று சொல்லலாம், முறை சரிதான். ஆனால் ஸ்க்ரூவிடம் நலம் விசாரிக்கிற மனிதரை மச்சான் என்று கூப்பிட இன்னொரு ஜென்மம் எடுக்க வேண்டும். சம்பந்தி என்று சொல்லட்டுமா என்று கேட்டேன்.

“அது பையன் வூட்டுக்காரங்க வாயில இருந்து மொதல்ல வரணும். நாமளா சொன்னா அலையற மாதிரி இருக்கும். தட்டு மாத்தற வரைக்கும் அந்தப் பேச்சே எடுக்காதீங்க.”

“அப்ப என்னான்னுதான் கூப்பிடறது?”

“கூப்பிடவே கூப்பிடாதீங்க. இதுக்கு முன்னாடி யாரைக் கூப்பிட்டிருக்கீங்க?”

நான் இருமினேன்.

முதலில் பாரூர் ஏரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. கயாக்கை வேன் கூரையில் கட்டி எங்கள் தெரு வழியாகக் கொண்டுவந்தார். எதிர்வீட்டு நாகம்மா வெளியே வந்து, “ஏனுங்க, சானமாவு காட்டு ஆனைங்களுக்குத் தண்ணி வெக்கிற தொட்டியா இது?” என்று கேட்டாள். பையனின் அப்பா சிரிக்காமல், இது மனுஷங்களுக்கு என்று சொன்னார்.

கனமான ஆள் பின்னால் உட்கார வேண்டும் என்றார். அது நான். அவர் முன்னால். நடுவில், என் முகத்துக்கு நேராக, தூண்டில் கம்பைச் சொருகி வைக்க ஒரு குழாய். கம்பின் அடியில் நரம்பு சுற்றிய ரீல். கம்பின் நுனி வலது பக்கம் சாய்ந்திருக்கும். அதிலிருந்து கிளம்பும் தூண்டில் நரம்பு என் காதை ஒட்டிப் பின்னால் தண்ணீருக்குள் போகும். நரம்பின் முனையில், மீன் மாதிரி மினுங்குகிற ஒரு செம்புத் தகடு. அதையும் அவரே செய்வார். ஒரு செம்புத் துண்டை ஒரு மாதம் தட்டி, அரத்தால் ராவி, ஒரு பக்கத்தை மட்டும் பளபளப்பாக்கி, மறு பக்கத்தைக் கறுக்க விட்டுவிடுவார். தண்ணீரில் இழுத்தால் அது புரண்டு புரண்டு மின்னும். வருடத்துக்கு ஒரு தகடு. அதைப் பார்த்தபோது மீனாகப் பிறந்திருந்தால் நானே கவ்வியிருப்பேன்.

பாரூரில் முள்ளைக் கழற்றிவிட்டு வெறும் தகட்டை இழுத்தோம். வேகம் பழகுவதற்காக. ஒரு ஆள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நடக்கிற வேகம், அவ்வளவுதான் என்றார். முதல் அரை மணி நேரம் நாங்கள் ஒரே இடத்தில் பம்பரமாகச் சுற்றினோம். கரையில் மீன் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். அவர் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. வலது, இடது என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார், என் கை தானாக அந்தத் தாளத்துக்கு வரும் வரை. இத்தனை வருடத்தில் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர்களில் அவரைப் போல் ஒருவரும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டதோடு சரி.

கரைக்கு வந்ததும் ஒன்று சொன்னார். “மீன் அடிச்சா கம்பு வளையும். எனக்குத் தெரியாது, நான் முன்னால பாத்துக்கிட்டு இருப்பேன். நீங்க உடனே என்னையக் கூப்பிடணும். துடுப்பை மட்டும் நிறுத்திராதீங்க. நிறுத்தினா நரம்பு தொய்ஞ்சு மீன் கழண்டுரும்.”

நான் தலையாட்டினேன். துடுப்பை நிறுத்தக் கூடாது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. ‘கூப்பிடணும்’ என்ற வார்த்தையிலேயே நான் நின்றுவிட்டேன்.

நீலகிரிக்குப் போகும் நாளும் வந்தது. விடியும்போது கிளம்பி, கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் என்று வண்டி போனது. டீக்கடை டீக்கடையாக ஆட்கள் வந்து கூரையில் இருப்பது என்ன என்று கேட்டார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்கினார். நான் வழி முழுவதும் ஹாட் பாக்ஸ் கதையை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே போனேன். என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல இருப்பது அது ஒன்றுதான். எங்கே ஆரம்பிப்பது, எங்கே நிறுத்தி மூச்சு வாங்குவது என்று எல்லாம் பாடமாகியிருந்தது. மேட்டுப்பாளையம் வந்தது. மலை ஏறினோம். இரண்டு சுக்கு மிட்டாய் வாங்கித் தின்றேனே தவிர, ஆரம்பிக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஏரியில் இறங்கினோம். அந்த ஏரியை எப்படிச் சொல்வது? சுற்றிலும் தேயிலைச் சரிவு, அதற்கு மேல் காடு. தண்ணீருக்கு மேல் பஞ்சு மாதிரி பனி. துடுப்பிலிருந்து சொட்டுகிற தண்ணீர்ச் சத்தம்கூட எதிர்க் கரை வரை போய்த் திரும்பி வந்தது. குளிரில் என் பல் தந்தியடித்தது. பையனின் அப்பா மிதவைச் சட்டையின் வார்களை எனக்குத் தன் கையாலேயே இறுக்கிக் கட்டிவிட்டார். (இடுப்பில் இருந்த கட்டர் அதற்கு அடியில் மறைந்துபோனது. அவர் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.) பிறகு அந்த வருடத்துத் தகட்டை வெள்ளைத் துணியிலிருந்து பிரித்து, முள் கோத்து, நரம்பில் முடிச்சுப் போட்டார். மூன்றரை விரலால், குளிரில், ஒரே தடவையில்.

முப்பது கஜம் பின்னால் தகடு வந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. நான் வேடிக்கை பார்க்கிற ஆளின் வேகத்தில் துடுப்புப் போட்டேன். அவர் பாம்பு போகிற மாதிரி வளைத்து வளைத்துப் படகைக் கொண்டுபோனார். வளையும்போதுதான் தகடு ஒரு கணம் தாழ்ந்து திரும்ப எழும்பும், அந்த ஒரு கணத்தில்தான் மீன் ஏமாறும் என்று சொல்லியிருந்தார். தண்ணீரைப் படித்தபடி போகிற அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த மனிதரின் வீட்டுக்கு என் பெண் போனால் நன்றாக இருப்பாள் என்று தோன்றியது. அவர் பதில் இன்னும் என் கையில் இல்லை என்பதும் கூடவே தோன்றியது.

ஒரு சின்ன ஓடை வந்து ஏரியில் கலக்கிற இடத்தில் படகு வளைந்தது. என் கண் முன்னால் இருந்த கம்பு, யாரோ தலையைப் பிடித்து அழுத்தியது மாதிரி மெதுவாகக் குனிந்தது.

கூப்பிட வேண்டும். சார்? கூடாது. அண்ணா? பிள்ளைகள் அண்ணன் தங்கச்சி ஆகிவிடுவார்கள். மச்சான்? நாக்கு எழவில்லை. சம்பந்தி? அலைகிற மாதிரி இருக்கும். கம்பு இன்னும் குனிந்தது. நான் இருமினேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வலது கையில் துடுப்பைப் பிடித்தபடி, இடது கையைப் பின்னால் நீட்டினார். அதில் ஒரு சுக்கு மிட்டாய்.

இதை நம்புவது கஷ்டம் என்று எனக்கே தெரியும். பெண்ணைக் கொடுக்கப்போகிற இடத்தில், பையனின் அப்பா தன் கையால் நீட்டுகிற ஒன்றை எப்படி வேண்டாம் என்று சொல்வது? வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். இப்போது கூப்பிட நினைத்தாலும் வாயில் இடம் இல்லை. கம்பு வில்லாக வளைந்து, நுனி தண்ணீரைத் தொட்டது. அந்த நேரம் பார்த்து ரீல் ‘கிர்’ என்றது.

கன்வேயரில் பட்டை சிக்கினால் வருகிற அதே சத்தம்.

இடது கை துடுப்பை நிறுத்தியது. வலது கை மிதவைச் சட்டைக்கு அடியில் போய் வந்தது. நரம்பு என் காதுக்குப் பக்கத்தில் விறைத்து நின்றுகொண்டிருந்தது. ஒரே இழுப்பு. கம்பு நிமிர்ந்துவிட்டது. லைன் நின்றுவிட்டது. ஆபத்து ஏதும் இல்லை. என் மனதில் ஒரு பெரிய நிம்மதி பரவியது. ஹாட் பாக்ஸ் வாங்கியபோது கைதட்டினார்களே, அந்தச் சத்தம்கூட லேசாகக் கேட்டது.

பிறகுதான் மூளைக்குத் தகவல் போனது.

ரீல் சத்தத்துக்கு அவர் திரும்பியிருந்தார். எங்களுக்குப் பின்னால், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அந்த மீன் மேலே வந்தது. முழங்கை நீளம் இருக்கும். வெள்ளி உடம்பு, அதன் நடுவில் தலையிலிருந்து வால் வரை ஒரு ரோஜா நிறக் கோடு. வாயோரத்தில் செம்புத் தகடு வெயிலில் மின்னியது. ஒரு தடவை உடம்பை உதறியது. தகடு ஒரு பக்கம் தெறித்தது, மீன் ஒரு பக்கம் விழுந்தது. இரண்டுமே முங்கிப்போயின. அலை வந்து படகைத் தொட்டு ஆட்டியது.

ஏழு வருடமாக அவர் தேடிய மீன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனாலும் பார்த்தேன். அவர் மீன் விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலில் திரை விலகும்போது பார்ப்பார்களே, அந்த மாதிரி. “எம்புட்டு அழகு” என்றார், தனக்குத்தானே.

அதன் பிறகு கம்பைப் பார்த்தார். தொங்குகிற நரம்பின் நுனியைப் பார்த்தார். என் கையில் இருந்த கட்டரைப் பார்த்தார். மிட்டாயால் உப்பியிருந்த என் கன்னத்தைப் பார்த்தார்.

எனக்கு இருமல் வரவில்லை. வரவேண்டிய நேரத்தில் அதுவும் கைவிட்டது. மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னேன்.

“சம்பந்தி, நான்தான் வெட்டிட்டேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. மீனும் போச்சு, மரியாதையும் போச்சு, பவித்ராவும் போச்சு என்று உட்கார்ந்திருந்தேன். நீந்தத் தெரிந்திருந்தால் அப்போதே இறங்கிக் கரைக்குப் போயிருப்பேன்.

அவர் துடுப்பை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே முழுக்க என் பக்கம் திரும்பினார். படகு சும்மா மிதந்தது.

“எதுக்கு வெட்டினீங்க?” என்று கேட்டார். கோபமாக இல்லை. ஒரு பாகம் ஏன் உடைந்தது என்று பட்டறையில் கேட்பாரே, அந்தக் குரல்.

நான் சொன்னேன். கன்வேயரைச் சொன்னேன், பட்டை சிக்குகிற சத்தத்தைச் சொன்னேன், முதலில் நிறுத்து, அடுத்து வெட்டு, அப்புறம் கூப்பிடு என்கிற சட்டத்தைச் சொன்னேன். ஹாட் பாக்ஸும் வந்துவிட்டது. பாடம் பண்ணி வைத்திருந்த மாதிரி இல்லை, முன்னும் பின்னுமாக. அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல்தான் இருமினேன் என்பதையும் சொன்னேன். பிறந்ததிலிருந்து அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசியதில்லை. அவர் ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை.

முடித்ததும் தன் இடது கையை விரித்துப் பார்த்தார்.

“சின்ன வயசுல ஒரு ரப்பர் கம்பெனியில இருந்தேன். ரோலர்ல இந்தக் கை மாட்டிக்கிட்டு. பக்கத்துல நின்னவன் நல்ல பையன்தான். அண்ணே, அண்ணேன்னு கத்துனான். கத்தி முடிச்சுப் பொத்தானை அமுக்குறதுக்குள்ள இவ்வளவும் போயிட்டு.” பாதி விரலை ஆட்டிக் காட்டினார். “அன்னைக்கு நீங்க நின்னுருக்கணும்.”

அவர் முன்பக்கம் திரும்பித் துடுப்பை எடுத்தார். வலது, இடது என்று மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். அந்த வருடத்துக்கு ஒரு தகடுதான். அது ஏரியின் அடியில் கிடந்தது. அப்படியும் அவர் உடனே கரைக்குத் திரும்பவில்லை. ஏரியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக் காட்டினார். தூண்டில் இல்லாமல் போனபோதுதான் நான் அந்த ஏரியையே பார்த்தேன்.

கரையேறியதும் அவர் தன் மனைவிக்கு போன் போட்டார். மலையில் சிக்னல் சரியில்லாததால் ஸ்பீக்கரில் போட்டு, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பேசினார். அதனால் எல்லாமே என் காதில் விழுந்தது. மீன் கிடைத்ததா என்று அந்த அம்மா கேட்டார்.

“இல்ல.”

ஆள் எப்படி என்று கேட்டார்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஈரச் சாக்ஸைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

“சம்பந்திக்குக் கொஞ்சம் இருமல் இருக்கு. மத்தபடி ஒண்ணும் கொறை சொல்றதுக்கு இல்ல. நீ தட்டு மாத்த நாள் பாரு.”

சாக்ஸை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. வெறும் காலில் ஷூ போட்டுக்கொண்டுதான் சூளகிரி வந்து சேர்ந்தேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது என் மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். பவித்ரா அழுதாள். பிறகு சிரித்தாள். பிறகு யார் யாருக்கோ போன் போட்டாள். அன்று மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. நிச்சயதார்த்தத்தன்று பையன் வீட்டார் கொண்டுவந்த தட்டுகளில் பூ, பழம், வெற்றிலை, மஞ்சளோடு ஒரு தட்டில் புத்தம் புது கட்டர் ஒன்றும் இருந்தது. பிளேடை மட்டும் கழற்றிவிட்டிருந்தார்கள். அது இப்போது பீரோவுக்கு மேல், ஹாட் பாக்ஸுக்குள் இருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் நான் வைக்கவிட்ட முதல் பொருள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் நானும் சம்பந்தியும் போய்வருகிறோம். பின்னால் நான்தான். கிளம்புவதற்கு முன்னால் சம்பந்தி ஒன்றும் பேசாமல் கையை நீட்டுவார். நானும் ஒன்றும் பேசாமல் இடுப்பிலிருந்து கட்டரை எடுத்துக் கொடுப்பேன். அதைத் தன் சட்டைப் பையில், சுக்கு மிட்டாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். ட்ரவுட் இன்னும் மாட்டவில்லை. அதைப் பற்றி அவருக்குப் பெரிய வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. வீட்டில் விசேஷம் என்றால் நான் இருமினால் போதும், நான்கு பக்கத்திலிருந்து மிட்டாய் நீளும். யாராவது ஒருவர் அரிவாள்மனையை எடுத்து ஒளித்து வைப்பார்.

என் பேத்திக்கு இப்போது ஒன்றரை வயது. அம்மா சொல்கிறாள், அப்பா சொல்கிறாள். சம்பந்தியைப் பார்த்தால் தாத்தா என்று தாவுகிறாள். என்னைக் கூப்பிட வேண்டும் என்றால் மட்டும், வாயில் கையை வைத்துக்கொண்டு இருமுகிறாள்.

நானும் உடனே திரும்பிப் பார்க்கிறேன்.